பதினோரு அடி கிழக்கே

காடுபீசனஹள்ளி, நான்காவது மாடி, இரவு ஷிப்ட்.
டார்னெல் ஃபெரி என்றொரு ஊரை
ஏழு மாதமாக வரைந்துகொண்டிருக்கிறேன்.
மக்கள்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு.
எங்கள் கேண்டீன் வரிசையில்
அதைவிடக் கூட்டம் நிற்கும்.

ஃபெரி என்றால் படகுத்துறை.
ஊரில் இப்போது படகுமில்லை, துறையுமில்லை.
தொண்ணூற்றிரண்டில், அதாவது
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில்,
ஒரு வெள்ளத்தில் ஆறு
இரண்டு மைல் தள்ளிப் புரண்டு படுத்துக்கொண்டது.
எல்லைக்கோடு மட்டும் கூடப் போகவில்லை.
இல்லாத ஆற்றின் ஒவ்வொரு நெளிவிலும் நெளிந்து
சோளக்கொல்லைகளின் நடுவே போகிறது.
மற்றதெல்லாம் சதுரம்.
ஆறு மைலுக்கு ஆறு மைல், அதற்குள் முப்பத்தாறு,
அதில் கால், காலில் கால்.
காணி, முந்திரி என்று வாய்ப்பாடு ஒப்பித்தவர்களுக்குப்
புரியும் இந்த வெறி.

எனக்குக் கோணல்தான் பிடிக்கும்.
அந்த வளைவில் மவுஸை மெல்லத் தள்ளும்போது
விரலில் ஈரம் தட்டும்.
ஏசிக் குளிராகவும் இருக்கலாம்.

மலையில்லை. கடல் எந்தப் பக்கம் போனாலும்
ஆயிரம் மைல்.
என்ன திணை என்று நிரப்பக் கட்டமில்லை.
குறியீடு பதினொன்று, சாகுபடி.
இருபத்துமூன்று, தானியக் கிடங்கு.
தொண்ணூறு, வரிவிலக்கு.
தேவாலயமும் கல்லறையும் அதில் அடக்கம்.

சதுரங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள்?
எந்த லேயரிலும் இல்லை.
முதல் சர்வேயரின் நோட்டில் ஒற்றை வரி:
'இங்கே ஒரு பழைய நடைபாதை, வடமேற்காக.'
யார் நடந்தது என்று அவர் எழுதவில்லை.
அடுத்த வரியில் மண் நல்ல மண் என்கிறார்.

ரயில் வந்த லேயரில்
டிப்போ, வங்கி, இரண்டு ஹோட்டல், ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ.
ரயில் போன லேயரில் ஃபோட்டோ ஸ்டுடியோ இல்லை.
"பழசையெல்லாம் ஆஃப் பண்ணு, மெமரி தின்னுது"
என்பான் பக்கத்து சீட் ஷரணப்பா.
பள்ளிக்கூடத்தைப் பக்கத்து வயலோடு சேர்க்கச் சொல்லிப்
போன வாரம் உத்தரவு.
ஒரு கோட்டை அழித்தேன்.
ஒரு கிளிக். சாப்பிடப் போனேன்.

நேற்று ஒரு புகார்.
வெர்னா ஓடெகார்ட், மனை எண் பதினான்கு.
'உங்கள் படத்தில் என் வேலி தவறாக இருக்கிறது.
பதினோரு அடி கிழக்கே தள்ளுங்கள்.
மூலையில் ஒரு வால்நட் மரம் நின்றது.
மரத்தை என் கணவர் வெட்டினார். அவரும் போய்விட்டார்.
அடிக்கட்டை இருக்கிறது. வந்து பாருங்கள்,
காபி போட்டுத் தருகிறேன்.
சிவப்பு வண்டியில் வருவீர்களே, அந்தப் பையன்தானே நீங்கள்?'

மூன்று மணிவரை ஸ்கேன்களைப் புரட்டினேன்.
இருந்தது.
'வால்நட், பதினான்கு அங்குலம். சாட்சி மரம்.'
பேனா மசி ஒழுகிய பக்கம்.

பதிலுக்கு எனக்கு அனுமதித்த வாக்கியங்கள் மூன்று.
'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' முதலாவது.
நான் அந்தப் பையன் இல்லை,
ஐந்து மாதக் கர்ப்பிணி,
காபி மணத்தாலே குமட்டும் என்று சொல்ல
மற்ற இரண்டிலும் இடமில்லை.
கோட்டைப் பிடித்தேன். தள்ளினேன்.
அங்கே அப்போது மாலை நாலரை.
கிழக்குப் பக்கத்து ஹலுப்கா என்பவர்
டிராக்டரில் உட்கார்ந்தபடியே
பதினோரு அடி இழந்தார்.
மன்னிக்கவும் ஹலுப்கா, கட்டை சொல்கிறது.

விடியலில் கேப் ஈஜிபுரம் வந்தபோது மழை விட்டிருந்தது.
எட்டாவது கிராஸில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.
வீட்டுக்காரர் பர்னபாஸ் பக்கெட்டால் இறைத்து
நகராட்சியைத் திட்டி
மறுபடி இறைத்துக்கொண்டிருந்தார்.
நேராக வரும் தெரு
மாவு மில்லுக்கு அப்பால் சும்மா ஒரு வளைவு வளையும்.
நாலு வருடம் அதில் நடந்தும் ஏனென்று கேட்டதில்லை.
தண்ணீர் அந்த வளைவுவரை வந்து,
அதை ஒட்டியே,
கோடு பிசகாமல் நின்றிருந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
"பார்த்து வாம்மா, அங்கே பள்ளம்" என்றார்.
எங்கே, எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.